பரவாயில்லை, வேண்டாம்!

குட்டீஸ், இப்படி உங்களுக்கு நடந்திருக்கிறதா? காலை அவசரத்தில் டிபன் பாக்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். மதிய மணி அடிக்கிறது. பக்கத்தில் இருக்கும் தோழி தன் தயிர் சாதத்தை உங்கள் பக்கம் நகர்த்தி, "இந்தா, பாதி எடுத்துக்கோ" என்கிறாள். வயிறு கடமுடவென்று சத்தம் போடுகிறது. வாயோ, "பரவாயில்லை, வேண்டாம். எனக்குப் பசிக்கலை" என்கிறது!

கணக்கு வகுப்பிலும் இதே கதைதான். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று டீச்சர் கேட்டதும், "புரிஞ்சுது டீச்சர்!" என்று கோரஸ் பாடுகிறோம். புரியாதவர்கள்தான் இன்னும் சத்தமாகப் பாடுவார்கள். (நானும் அந்தக் கோஷ்டிதான். பின்னங்களை வகுப்பது எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை.)

ஏன் இப்படி? கேட்டால் நம்மை மட்டமாக நினைப்பார்களோ என்று பயம். "கையேந்தக் கூடாது என்று அவ்வைப் பாட்டியே ஆத்திசூடியில் சொல்லியிருக்கிறாரே" என்று சிலர் என்னை மடக்கலாம். அதே ஆத்திசூடியில்தான், இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடச் சொல்லியும் இருக்கிறது. வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால்தானே கொடுக்க முடியும்? உழைக்காமல் அடுத்தவர் கையை எதிர்பார்த்தே காலம் தள்ளுவதைத்தான் பாட்டி திட்டுகிறார் என்பது என் கட்சி.

என் கட்சிக்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. கணித மேதை ராமானுஜன்!

கும்பகோணத்தில் வளர்ந்த அவர் கணக்கில் புலி. மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரி உதவித்தொகை போனது. பிறகு சென்னையில் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை, காசும் இல்லை. இருந்தவை கணக்கு எழுதிய நோட்டுகள் மட்டும். 1910இல் நோட்டும் கையுமாகத் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ராமசாமி ஐயருக்கு, இந்தப் பிள்ளையை ஆபீசில் ஃபைல் கட்ட உட்கார வைக்க மனம் வரவில்லை. தெரிந்தவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அப்படி அலைந்து, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் முன்னால் போய் நின்றார். என்ன வேண்டும் என்று ராவ் கேட்டபோது, ராமானுஜன் "பரவாயில்லை, ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லவில்லை. கவலையில்லாமல் கணக்குப் போட, சாப்பாட்டுக்கு ஒரு வழி இருந்தால் போதும் என்றார். ராவ் தன் கைக்காசிலிருந்து மாதம் 25 ரூபாய் தந்தார்.

எது தேவையோ அதைத் தெளிவாகக் கேட்டார், பார்த்தீர்களா? அந்தப் பணத்திலேயே காலத்தை ஓட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. வேலை தேடினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தன் சம்பளம் குறைவு, பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையெல்லாம் அதில் மறைக்கவே இல்லை. அதற்கு முன்பே இங்கிலாந்தில் வேறு சிலருக்கு எழுதிப் பலன் கிடைக்கவில்லை. நாமாக இருந்தால், "இனிமே யார்கிட்டேயும் கேட்க மாட்டேன்" என்று ரோஷப்பட்டிருப்போம். அவர் மறுபடியும் கேட்டார். ஹார்டியின் முயற்சியால் 1914இல் கப்பலேறினார். உதவி செய்த ஹார்டிக்கு இதில் நஷ்டமா? ராமானுஜனோடு சேர்ந்து வேலை செய்ததைக் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர்.

ஆனால், முன்பின் தெரியாதவர் "சாக்லேட் தர்றேன், வா" என்றால் அங்கே கட்டாயம் "வேண்டாம்"தான். பரீட்சையில் விடையைக் காட்டுகிறேன் என்பவனுக்கும் அதே பதில்தான். தயிர் சாதம் தரும் தோழி அந்த ரகம் இல்லையே! வாங்கும்போது பத்து தடவை ஸாரி சொல்லிக் கூனிக் குறுக வேண்டாம். சிரித்துக்கொண்டு ஒரு தேங்க்ஸ், போதும். நாளைக்கே ஏதாவது திருப்பிக் கொடுத்துக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று பதறவும் வேண்டாம்.

ராமானுஜனுக்கே ஒன்பது வருடம் ஆனது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண்டு தர முன்வந்தது. 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து அவர் பதில் எழுதினார். இது தன் தேவைக்கு அதிகம். மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தலாம் என்பதே அவர் விருப்பம். அந்தப் பிள்ளைகளில் யாராவது, "பரவாயில்லை, வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?