ஐகோர்ட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் பூட்டு! மற்ற நாளில் ஏழைக்கு வழி காட்டுவது யார்?

சென்னை ஐகோர்ட்டின் கேட்டுகள் அத்தனையும் வருஷத்துக்கு ஒரு நாள் இழுத்துப் பூட்டப்படுகின்றன. பெரும்பாலும் நவம்பர் மாதத்தில், ஒரு சனிக்கிழமை இரவு பூட்டினால் ஞாயிறு இரவுதான் திறப்பார்கள். அந்த 24 மணி நேரமும் உள்ளே போக யாருக்கும் அனுமதி கிடையாது.

காரணம் என்ன? வளாகத்தின் வழியாக ஜனங்கள் காலங்காலமாக நடந்து போய்வருகிறார்கள். இப்படியே விட்டால், "இது எங்கள் பாதை" என்று நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடலாம் அல்லவா? இது பொது வழி இல்லை, கோர்ட்டுக்குச் சொந்தமான இடம் என்று காட்டத்தான் இந்தப் பூட்டு.

சட்டப்படி சரிதான். ஆனால் அந்த மண்ணின் பழைய கதையையும் பார்க்க வேண்டும்.

கோயில் இருந்த இடம்

இன்று ஐகோர்ட்டு நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் நெசவாளிகளும் வியாபாரிகளும் குடியிருந்தார்கள். பழைய "கறுப்பர் நகரம்" அதுதான். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அதன் பிறகு, கோட்டைக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று வீடு, கோயில் எல்லாம் இடிக்கப்பட்டன. கோயில் பின்னர் பூக்கடைப் பக்கம் எழுந்தது.

ஐகோர்ட்டு 1862-ல் ஏற்பட்டது. சொந்தக் கட்டிடம் உடனே கிடைக்கவில்லை. 30 வருஷம் கடற்கரைச் சாலையில் வேறு கட்டிடத்தில் நடந்தது. இப்போதைய செங்கல் மாளிகைக்குத் திட்டம் போட்டவர் பிராசிங்டன். முடித்துக் கொடுத்தவர் ஹென்றி இர்வின். செலவு சுமார் 13 லட்சம் ரூபாய். 1892 ஜூலை 12-ந் தேதி திறப்பு விழா நடந்தது.

குண்டு விழுந்தது!

கும்மட்டம், வளைவு, வண்ணக் கண்ணாடி, மரச் செதுக்கல் வேலை என்று பார்க்கப் பார்க்க அலுக்காத கட்டிடம். உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமும் எரிந்தது. கப்பல்காரனுக்குக் கரை காட்டிய கோர்ட்டு உலகத்தில் எத்தனை இருக்கும்?

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்து எண்ணெய் டாங்கிகள் தீப்பிடித்தன. ஒரு குண்டு ஐகோர்ட்டு மதில் பக்கமும் விழுந்தது. அதன் நினைவுக் கல்வெட்டு மதிலில் இருக்கிறது.

வாய்தாவுக்கு வந்தவர்

இத்தனை பெருமையும் நமக்கு. ஆனால் வழக்குக்காக வருகிற ஏழைக்கு?

மதுரைக் கிளை 2004-ல் வந்த பிறகு தென் மாவட்டத்துக்காரர்கள் அலைச்சல் குறைந்தது. கோவை, சேலம், தருமபுரிக்காரர்கள் இன்னும் இங்கேதான் வர வேண்டும். ராத்திரி பஸ் பிடித்து, மஞ்சள் பையில் பத்திரத்தோடு வந்து இறங்குகிறவருக்கு இந்த வளைவும் தாழ்வாரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ஏனுங்க, இந்த நம்பர் கோர்ட்டு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டால், கறுப்பு அங்கி போட்டவர்கள் கையை நீட்டிவிட்டு ஓடுகிறார்கள். அவர்களுக்கு அவர்கள் அவசரம்!

2015 முதல் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் காவல் வந்தது. பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சோதனை போடட்டும். சோதனை முடிந்த கையோடு வழியும் சொல்ல வேண்டாமா?

வெள்ளைக்காரன் கட்டும்போது, ஜனங்கள் அண்ணாந்து பார்த்து மிரள வேண்டும் என்றும் நினைத்திருப்பான். இப்போது மிரட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கேட்பது பெரிய காரியம் அல்ல. வாசலுக்கு வாசல் தமிழில் கொட்டை எழுத்தில் போர்டு. வழி சொல்ல ஒரு ஆள். வயதானவர்கள் உட்கார பெஞ்சு, குடிக்கத் தண்ணீர். பழைய சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல் இதையெல்லாம் செய்யலாம். செலவும் அதிகம் ஆகாது.

உரிமையைக் காட்ட ஒரு நாள் பூட்டட்டும். மற்ற நாட்களில், வாய்தாவுக்கு வந்தவர் தன் கேஸ் கூப்பிடுவதற்குள் சரியான கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதும் கோர்ட்டு நிர்வாகத்தின் பொறுப்புதான்.