பருப்பும் கறியும் ஒரே நொதிக்குத்தான்

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் உடல்நல வகுப்பு நடத்தும் நண்பர், தலைமுறை தலைமுறையாகச் சைவம் சாப்பிட்டவர்களின் மரபணுவில் இறைச்சியைச் செரிக்கும் நொதி கிடையாது என்கிறார். அடிப்படையே தவறு.

புரதத்தை உடைக்கும் டிரிப்சினுக்கான பிஆர்எஸ்எஸ்1 மரபணு நம் ஏழாம் குரோமோசோமில் இருக்கிறது. லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்துப் புரதச் சங்கிலியை வெட்டுவது அதன் வேலை. ஆசிரம வாசலில் சாதுக்கள் வரிசையில் நின்று வாங்கும் சோற்றின் சாம்பார்ப் பருப்பிலும் லைசின் உண்டு, ஆட்டுக்கறியிலும் உண்டு. வெட்டும் நொதிக்குச் சாதி தெரியாது. நெய்யையும் கறிக்கொழுப்பையும் உடைப்பது ஒரே கணைய லிப்பேஸ்தான்.

சாத்விக உணவை அளவோடு உண்ணச் சொன்னார் ரமணர், 'நான் யார்?' நூலில். மனத்துக்காகச் சொன்னது அது. அதற்கு மரபணுச் சான்று தேடுவது அவர் சொல்லையே சிறுமைப்படுத்துவது.

உண்மையான மரபணுச் சிக்கல் வேறு. கணையத்துக்குள்ளேயே டிரிப்சின் விழித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஸ்பிங்க்1 மரபணுவின் மாற்றத்துக்கும், தென்னிந்தியாவில் காணப்படும் வெப்பமண்டலக் கணைய அழற்சிக்கும் தொடர்பு இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினார்கள். அந்த நோயாளிக்குத் தீராத வயிற்றுவலி வரும், மலத்தில் எண்ணெய் மிதக்கும், பிறகு சர்க்கரை நோயும் சேரும். அவரிடம் "கறியை விடு, சரியாகிவிடும்" என்று சொல்வது ஆபத்து.

இந்த அறிகுறிகள் இருந்தால் வகுப்புக்குப் போகாதீர்கள். குடல், கணைய மருத்துவரைப் பாருங்கள்.