பித்தும் போதையும்

திருவண்ணாமலையில் நீங்கள் கிரிவலம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் பாதையில் பாதி தாண்டியாயிற்று. சாலையோரம் ஒரு மரத்தடியில் சடைமுடியும் அழுக்கு வேட்டியுமாக ஒரு மனிதர் உட்கார்ந்து தமக்குத் தாமே பேசிக்கொண்டிருக்கிறார். எதிரில் இல்லாத யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். மறு நிமிஷமே சீறுகிறார். உங்களோடு வந்த மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சித்தர்டீ, நமஸ்காரம் பண்ணு" என்கிறார். பின்னால் வந்த இளைஞர், "எல்லாம் கஞ்சா பண்ணுகிற வேலை" என்கிறார். மூன்றாவதாக ஒருவர், "பாவம், பைத்தியம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்.

மூவரும் பார்த்தது ஒரே மனிதரைத்தான். ஆனால் அவருக்குக் கிடைக்கப்போவது கும்பிடா, வசவா, வைத்தியமா என்பது இந்த மூன்றில் எதை நாம் நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகையால் விஷயம் அவ்வளவு சின்னதல்ல, வாசகர்களே!

பித்து என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு தனி மரியாதை உண்டு. சிவபெருமானையே பித்தன் என்று அழைத்துப் பாடினார் சுந்தரர். திருவண்ணாமலைக்கு 1889-ல் வந்து, 1929-ல் சமாதி அடையும் வரை அங்கேயே வாழ்ந்த சேஷாத்ரி சுவாமிகளைப் பித்தர் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. மகான் என்று தேடி வந்து பணிந்தவர்களும் உண்டு. மகான்களின் நிலையை அளக்க நம்மிடம் படி இல்லை. அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். மற்ற இரண்டும், அதாவது போதையும் நோயும், அளந்து பார்க்கக் கூடியவை. அவை இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான் என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே எண்ணியதுண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். தானியக் கதிரில் பற்றும் ஒருவகைப் பூஞ்சையை ஆராய்ந்து 1938-ல் எல்.எஸ்.டி. என்ற பொருளைத் தயாரித்தவர் அவர். 1943 ஏப்ரல் 19-ந் தேதி அதில் கால் மில்லிகிராம், ஆமாம், கால் மில்லிகிராம்தான், தாமே சாப்பிட்டுப் பார்த்தார். சைக்கிளில் வீடு போய்ச் சேருவதற்குள் உலகமே உருமாறிவிட்டது. நாற்காலியும் மேஜையும் அவரை மிரட்டின. பால் கொண்டுவந்து கொடுத்த அடுத்த வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள். தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நடுங்கினார். ஆனால் மறுநாள் காலை தெளிந்த மனத்தோடு எழுந்திருந்தார்.

இதைக் கேட்ட மனநல வைத்தியர்களுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. மனச்சிதைவு நோய் எப்படி வருகிறது என்று புரியாமல் திண்டாடுகிறோமே, இதோ அதையே சில மணி நேரத்துக்கு வரவழைக்க ஒரு மருந்து கிடைத்துவிட்டதே என்று நினைத்தார்கள். 1950-களில் நோயாளியின் மனம் எப்படியிருக்கும் என்று அறிய டாக்டர்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்ததும் உண்டு. "மாதிரிப் பைத்தியம்" என்றே அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

பிறகு நோயாளிகளைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. எல்.எஸ்.டி.யோ, அதன் உறவான போதைக் காளானோ தின்றவருக்குப் பெரும்பாலும் கண்தான் ஏமாறும். வண்ணங்கள் ஓடும், சுவர் மூச்சு விடும், கோலங்கள் சுழலும். மனச்சிதைவு நோயாளிக்கோ பெரும்பாலும் காதுதான் ஏமாறும். யாரோ அவரைத் திட்டுகிறார்கள், வேவு பார்த்துப் பேசுகிறார்கள், கட்டளை இடுகிறார்கள். இன்னொன்று, போதையில் இருப்பவருக்கு "இது நான் தின்றதன் விளைவு" என்ற நினைவு பல சமயம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். நோயாளிக்கு அந்த ஆறுதல் கிடையாது. அந்தக் குரல் அவருக்கு உங்கள் குரலையும் என் குரலையும் போலவே நிஜம்.

மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு விவரம் இன்னும் தெளிவாயிற்று. ஒற்றுமை இல்லாமல் இல்லை. மூளையின் நடுவே தாலமஸ் என்ற பகுதி இருக்கிறது. கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்பதுபோல, கண்ணும் காதும் அனுப்பும் செய்திகளில் எதை எவ்வளவு உள்ளே விடுவது என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. எல்.எஸ்.டி. சாப்பிட்டவர்களிடம் இந்தக் காவல் தளர்ந்து, செய்திகள் மேல்மூளைக்கு அளவுக்கு மீறிப் பாய்கின்றன. மனச்சிதைவு நோயிலும் தாலமஸுக்கும் புலன் பகுதிகளுக்கும் உள்ள தொடர்பு மிகுந்தும், சிந்திக்கும் முன்மூளையோடு உள்ள தொடர்பு குறைந்தும் காணப்படுகிறது.

வேற்றுமைதான் பெரிது. நாம் சும்மா உட்கார்ந்து நம்மைப் பற்றியே யோசிக்கும்போது மூளையில் ஒரு வலைப்பின்னல் வேலை செய்கிறது. போதைக் காளானின் சத்தைச் செலுத்திப் படம் பிடித்து 2012-ல் வெளியான ஆராய்ச்சியில் அந்த வலை அடங்கியிருந்தது. "நான்" என்பது கரைந்தது போல் அவர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மனச்சிதைவு நோயாளிகள் பலரிடமோ அந்த வலை, வேறு வேலையில் கவனம் செலுத்த வேண்டிய நேரத்தில்கூட அடங்க மறுக்கிறது.

ரசாயனக் கணக்கும் வேறு. இந்தப் போதைகள் ஸெரோடோனின் என்ற பொருளுக்கான பூட்டில் நுழைகிற கள்ளச் சாவிகள். மனச்சிதைவில் முக்கியமாக மிகுவது டோபமின் என்ற வேறொரு பொருள். 1998-ல் ஜூரிச் நகரில் இதைச் சோதித்தார்கள். மனச்சிதைவு நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும், டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடால் மருந்து, காளான் போதையின் மாயக் காட்சிகளை நிறுத்தவில்லை. ஸெரோடோனின் பூட்டை அடைத்த மருந்து நிறுத்தியது. ஒரே வியாதியாக இருந்தால் ஒரே மருந்து கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் போதையால் நோய் வராது என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்வீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கு மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்து 1987-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு மனச்சிதைவு வந்த விகிதம், தொடாதவர்களைப்போல் ஆறு மடங்கு இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் பிள்ளைகள் இதன் பக்கமே போகக்கூடாது.

ஆனால் படத்தை மட்டும் பார்த்து "இது மனச்சிதைவு" என்று எந்த டாக்டரும் சொல்லிவிட முடியாது. நாள் கணக்கும், பேச்சும், வீட்டார் சொல்லும் விவரமும்தான் இன்றைக்கும் துணை. அந்த விவரம் உங்களிடம் இருக்கிறது. எல்.எஸ்.டி.யின் ஆட்டம் 12 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல், குளிக்காமல், யாரோ பேசுவதாகச் சொல்லி, சிநேகிதர்களை விட்டு விலகினால், "போதை, தெளிந்துவிடும்" என்று காத்திருக்காதீர்கள். "தெய்வம் ஏறியிருக்கிறது" என்று கோயில் கோயிலாக அலைக்கழிக்கவும் வேண்டாம். கோயிலுக்குப் போவது தவறல்ல. வைத்தியத்தைத் தள்ளிப் போடுவதுதான் தவறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாடு மறக்கக்கூடாது.

மனச்சிதைவு என்றால் வாழ்வே போயிற்று என்று அர்த்தமில்லை. உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. சென்னை அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், இந்த நோயாளிகளுக்காகவே 1984-ல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் நோய் புதிதாகக் கண்ட 90 பேரைத் தேர்ந்து, பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தணிந்திருந்தது. மருந்தும் வீட்டாரின் பொறுமையும் சேர்ந்தால் எவ்வளவோ சாதிக்கலாம்.

14416 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்தால், அரசின் டெலிமானஸ் சேவையில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். அந்த எண்ணை இப்போதே காலண்டரின் ஓரத்தில் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு உதவும்.