கையெழுத்தா, சம்மதமா?

பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணின் கையில் எழுதுகோலைத் திணித்துப் பெறும் கையெழுத்தைச் சம்மதம் என்றழைக்க எந்த அறமும் இடந்தராது. ஆயினும் நமீபியா நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. தொற்றுடைய தாய்மாருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது இவ்வாறே. மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தனர். அறிந்து, உளமார அவர்கள் இசைவு தரவில்லை என 2012-இல் உயர் நீதிமன்றமும், அரசு மேல்முறையீடு செய்தபின் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தொற்றை முன்னிட்டே இது நடந்தது என்பது மட்டும் மெய்ப்பிக்கப்படவில்லையாம்! அம்மட்டில் அப்பெண்களுக்குக் கிட்டியது பாதி நீதியே என்போம். சிலி நாட்டிலோ, 2002-இல் கேளாமலே கருத்தடை செய்யப்பட்ட ஒரு பெண்ணிடம் அரசுத் தலைவர் மன்னிப்புக் கேட்க 2022 ஆயிற்று.

‘பிள்ளைக்கும் நோய் தொற்றுமே’ என்பார்கள். தொற்றலாம். மருத்துவம் ஏதுமின்றி விட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்குத் தொற்றும். தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்தளித்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். மருந்தால் தொற்றைக் குறைக்கலாம் என்பது 1994-லேயே தெளிவாயிற்று. மருந்து தரவேண்டிய கை கத்தியை எடுத்ததற்கு, இரக்கம் என்று பெயர் சூட்ட வேண்டா.

நம்மவரையும் கேட்க வேண்டியுள்ளது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல், செயற்கைக் கருத்தடையை விலக்கும் அதே பகுதியில் மலடாக்கும் அறுவையையும் விலக்குகிறது. ஆணுறைக்கு எதிராக அம்மடலை உயர்த்திப் பிடிப்போர், ஏழைப் பெண்ணின் கருக்குழாய் அவளறியாமல் வெட்டப்படும்போது அதே பக்கத்தைத் திறந்தார்களா? ‘இவளுக்கெல்லாம் பிள்ளை எதற்கு?’ என்ற பேச்சு கோவில் வாசலிலும் கேட்கிறதே, அது எந்த மறையுரையில் கற்றது?

இது தொலைதூரத்துக் கதையன்று. இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். தொற்றுடைய கருவுற்ற பெண்ணுக்கு அவளது அறிந்த இசைவின்றிக் கருத்தடையோ கருக்கலைப்போ கூடாதென 2017-இல் நாட்டில் சட்டமே பிறந்தது. வேலி எழுப்பியிருக்கிறார்கள் என்றால் மேய்ந்த மாடும் இருந்திருக்குமன்றோ?

மறுபுறமும் உண்டு. இனிப் பிள்ளை வேண்டாமென அவளே எண்ணலாம். திருச்சபை காட்டும் இயற்கை வழிக்குக் கணவனின் ஒத்துழைப்பு வேண்டும். தொற்றை வீட்டுக்குக் கொணர்ந்தவனே அவன் என்றால்? குடித்துவிட்டு வருபவனிடம் எந்த நாள்கணக்கைக் காட்டுவாள்? இதற்கு விடை கூறாமல் அவளிடம் மட்டும் கற்பையும் பொறுமையையும் போதிப்பதை நாம் ஏற்கோம். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இல்லறக் கட்டுப்பாடு பற்றிய பாடத்தை ஆண்களைத் தனியே அமர்த்தி, மருத்துவர் ஒருவரும் உடனிருக்க, முதலில் அவர்களுக்கே நடத்துக. தொற்றுடைய தாய் கருவுற்றால் பங்குப்பேரவை அவளது மருந்துச்சீட்டை விசாரிக்கட்டும், அவள் ஒழுக்கத்தையன்று.