பழைய லாரிக்கு மாலை, டிரைவருக்கு என்ன?

பழைய லாரிகளுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. எங்கோ செட்டில் துருப்பிடித்துக் கிடந்த பெட்போர்டைத் தேடிப் பிடித்து, வர்ணம் பூசி, விளக்கைத் துலக்கி, மாலை போட்டுக் கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். "ஆஹா, அந்தக் காலத்துப் பார்கோ! அந்த மூக்கு நீண்ட டாட்டா பென்ஸ்! எஞ்சின் சத்தமே சங்கீதமல்லவா! சாலை நெடுகப் புளியமர நிழல், நினைத்த இடத்தில் டீ, அழகர்கோவில் கருப்பனுக்கு ஒரு எலுமிச்சம்பழம், பிறகு விடிய விடிய ஓட்டம். அதுவல்லவா வாழ்க்கை!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

யாருடைய வாழ்க்கை, ஐயா? விடிய விடிய ஓட்டியவன் யார், விடிந்ததும் கணக்குப் பார்த்துப் பணத்தை எண்ணியவன் யார்?

வயதான டிரைவர் ஒருவர் தம் வண்டியைப் பற்றிப் பேசினால் நாம் கைகட்டி நின்று கேட்போம். அந்தப் பேச்சுக்கு அவருக்கு உரிமை உண்டு. எந்த மேட்டில் எந்தக் கியர், எந்த வளைவில் எத்தனை சுற்று ஸ்டீயரிங் என்பது அவர் உடம்பில் எழுதியிருக்கிறது. அவர் பெருமைப்படுவது தம் கைத்தொழிலை நினைத்து. அந்தப் பெருமையைத் திருடித் தங்கள் வண்டிக்குப் பூசிக்கொள்கிறார்களே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

அந்த வண்டிகள் எப்படிப்பட்டவை? இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. வண்டியில் அடுப்பைப் போன்ற கொப்பரையைப் பொருத்தி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே அந்தக் காஸ் பிளாண்டுகளைச் செய்து விற்றது. அது சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிகாலையில் எழுந்து கரி போட்டு, நெருப்பு மூட்டி, துருத்தி சுற்றி, சாம்பலை வாரி, குழாயில் அடைத்த தாரைச் சுரண்டியவன் யார்? கிளீனர். அவன் சுவாசித்த புகையில் கலந்திருந்தது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. சாமர்த்தியம் சரித்திரத்தில் ஏறிவிட்டது. கிளீனரின் நுரையீரல் எந்தச் சரித்திரத்திலும் இல்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட போர்டும் செவர்லேயும் ஏலத்துக்கு வந்தன. 1950-களில் சென்னை சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியபின், பெட்ரோல் வண்டிகளில் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டினார்கள். 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாட்டா பென்ஸ் வந்தது. 1955-இல் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்டு ஆயிற்று. எஞ்சின்கள் மாறின. எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெந்தவன் மாறவில்லை.

பழைய வண்டியைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கட்டை விரலை மடக்கிப் பிடிக்காதே என்பதுதான் கிளீனருக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கியர் போடுவதானால் கிளச்சை ஒரு முறை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, மறுபடி மிதித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து போட வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியில் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் போடிமெட்டு வளைவுகளைத் திருப்பியவரின் தோள்பட்டையைக் கேளுங்கள், சங்கீதம் எது என்று சொல்லும். மேட்டில் வண்டி பின்வாங்கினால் கிளீனர் கீழே குதித்துச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். கட்டை ஒரு கணம் பிந்தினால் வண்டியும் போச்சு, பையனும் போச்சு.

அப்படிப்பட்ட வண்டியை எடுக்குமுன் அழகர்மலை அடிவாரத்தில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டார்கள். இன்றும் புது வண்டிகள் அங்கே பூஜைக்கு வருகின்றன. இதைக் கேலி செய்ய நாம் வரவில்லை. பிரேக்கையும் டயரையும் நம்ப முடியாதவன், முதலாளியின் இரக்கத்தை நம்பவே முடியாதவன், வேறு யாரை நம்புவான்? தேய்ந்த டயரை மாற்றப் பணமில்லை என்பவர்களுக்குப் பூஜைக்கு மட்டும் தாராளமாகப் பணம் கிடைக்கும். பழம் விலை குறைவு.

மில் தொழிலாளித் தோழனே, உனக்குச் சங்கு உண்டு. ஹார்வி மில்லில் சங்கு ஊதினால் மதுரை நகரமே மணி தெரிந்துகொண்டது. அந்தச் சங்குக்குப் பின்னால் உன் முன்னோரின் போராட்டம் இருந்தது. 1948-ஆம் வருடத்துப் பாக்டரிச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. லாரிக்கு எந்தச் சங்கு ஊதியது? மோட்டார் தொழிலாளிக்கு அந்த 48 மணி நேரம் ஏட்டிலாவது ஏற, 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்றது. இரவு தங்கும் இடத்தில் ஓய்வறை என்றது. சிறுவர்களை வேலைக்கு வைக்காதே என்றது. நல்ல வார்த்தைகள். ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைவான இடத்துக்கு அது பொருந்தாது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பகுதி ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையது. அதிகம் வைத்திருப்பவருக்கும் வழி தெரியாதா? மனைவி பேரில் ஒன்று, மச்சினன் பேரில் ஒன்று, மாமனார் பேரில் ஒன்று. சட்டம் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

விவசாயத் தொழிலாளித் தோழனே, கிளீனர் பையன் எங்கிருந்து வந்தான்? மேலூர்ப் பக்கத்து, அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, உன் வீட்டிலிருந்துதான். வயலில் வேலையில்லாத மாதத்தில் "தொழில் பழகட்டும்" என்று அனுப்பினாய். சோறும் டீயும் சம்பளம். வண்டி கழுவி, கிரீஸ் வைத்து, தார்ப்பாய் கட்டி, பாரத்துக்கு மேல் படுத்து, வருடக்கணக்கில் காத்திருந்தான், யாராவது ஒரு நாள் ஸ்டீயரிங்கைத் தொட விடுவார்களா என்று. இதற்குக் குருகுலம் என்று பெயர் வைத்து இன்று உருகுகிறார்கள்.

"கிளீனராக வந்து முதலாளியானவர்கள் நாமக்கல்லில் இல்லையா, திருச்செங்கோட்டில் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. கடனுக்கு ஒரு லாரி வாங்கித் தானே ஓட்டுகிறவன் நமக்கு எதிரியுமல்ல. அவன் பைனான்ஸ்காரனுக்குத் தவணை கட்டும் கூலிதான். ஆனால் அப்படி ஏறியவர்களைக் காட்டி, ஏறாமல் முதுகு ஒடிந்தவர்களை மறைப்பதுதான் அந்தக் கதையின் வேலை.

சரி, அதெல்லாம் பழங்கதை, இன்று வண்டி நன்றாயிருக்கிறதே என்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரியின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. வரவேற்போம். அதற்கு முன் தயாரான லட்சக்கணக்கான வண்டிகளில் டிரைவர் இன்னும் வேகிறார். கேபினே இல்லாத வெறும் சேஸிஸை, வெயிலிலும் மழையிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாடி கட்டும் பட்டறைக்கு ஓட்டி வந்த தொழிலாளிகளை நெடுஞ்சாலையில் பார்க்காதவர் யார்? அதையும் ஒரு நாள் கண்காட்சியில் வைப்பார்கள். 2018-இல் அச்சுக்கு இவ்வளவு எடை என்ற வரம்பையும் உயர்த்தினார்கள்; 16 டன் சில்லறையாயிருந்த இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18 டன்னுக்கு மேல் போயிற்று. வாடகை முதலாளிக்கு, பாரம் டிரைவருக்கு.

பிறகு வந்தது பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 106(2) பிரிவில், விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் பத்து வருடம் வரை சிறை என்றார்கள். நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், போனால் சர்க்கார் பத்து வருடம் போடும். 2024 ஜனவரி 1-ஆம் தேதி பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. மறுநாளே சர்க்கார், கலந்து பேசாமல் அமல் செய்ய மாட்டோம் என்றது. 2024 ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை நிறுத்தி வைத்தார்கள். யாருடைய கருணையாலும் அல்ல, வண்டி நின்றதால். பழைய லாரிப் பிரியர்கள் அன்று எங்கே இருந்தார்களோ!

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்து, 1961-ஆம் வருடத்துச் சட்டத்தை அதற்குள் கரைத்துவிட்டார்கள். ஐந்து தொழிலாளர் என்ற வரம்பு புதிய தொகுப்பில் பத்து ஆகியிருக்கிறது. மனைவி, மச்சினன் பெயரெல்லாம் இனிமேல் தேட வேண்டியதில்லை. ஒன்பது பேர் வரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம், முதலாளி தூங்கலாம். இந்தப் பத்தை ஐந்துக்கும் கீழே இறக்கு, ஒரு லாரி வைத்திருந்தாலும் எட்டு மணி நேரம், டிரிப் சீட்டில் புறப்பட்ட மணியும் நிறுத்திய மணியும் எழுது: இதுதான் இன்று கேட்க வேண்டியது.

கருப்பன் சன்னதியில் சாத்திய கதவின் முன் பொய்ச் சத்தியம் செய்ய மதுரைச் சீமையில் எவனும் அஞ்சுவான். பழைய லாரிக்கு மாலை போடும் முதலாளிகளில் ஒருவர் அங்கே வந்து, "என் டிரைவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியதில்லை, பேட்டாவில் ஒரு காசு பிடித்ததில்லை" என்று கதவைத் தொட்டுச் சொல்லட்டும். மாலையை நாமே வாங்கி வருகிறோம்.