வீட்டுக்குள் விஞ்ஞானம்: கச்சானில் குளிரும் பானை



கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கமெல்லாம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காயப்போட்ட துணி சற்று நேரத்தில் மொடமொடத்துவிடும். உதடு வெடிக்கும். ஆனால் அதே நாளில் குசினி மூலையிலுள்ள மண்பானைத் தண்ணீர் மட்டும் சில்லென்றிருக்கும். இது எப்படி?

முதலில் வெப்பம் என்றால் என்னவென்று பார்ப்போம். அது ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுகும் ஒருவகைத் திரவம் என்றே அக்கால அறிஞர் பலர் எண்ணினர். ஜேர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும் வேலையைக் கவனித்தார் ரம்ஃபோர்ட் பிரபு. துளைக்கத் துளைக்கச் சூடு ஓயாமல் வந்துகொண்டேயிருந்தது. வெப்பம் பொருளல்ல, அது அசைவு என்று அவர் 1798இல் எடுத்துரைத்தார். இன்று நாம் அறிந்திருப்பதும் அதுவே. எல்லாப் பொருளும் மிகச்சிறிய துணிக்கைகளால் ஆனது. இரும்பில் அவை நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. தண்ணீரில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வழுக்கிச் செல்கின்றன. காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர் வேகத்தில் பறக்கின்றன. சூடு கூடினால் இந்த அசைவும் கூடும்.

கச்சான் சுடுவதும் இதனால்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க அமுக்கம் கூடி, காற்று நெருக்கப்படுகிறது. மூலக்கூறுகள் வேகம் கொள்கின்றன. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அதுபோலத்தான். ஆயிரம் மீற்றர் இறங்கும் உலர்ந்த காற்று சுமார் 10 பாகை செல்சியஸ் சூடாகிவிடும்.

இனிப் பானைக்கு வருவோம். மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகிறது. அந்த ஈரத்தில் வேகமான மூலக்கூறுகளே முதலில் தப்பி ஆவியாகின்றன. மெதுவானவை எஞ்சுகின்றன, எனவே தண்ணீர் குளிர்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு லீற்றரில் 10 கிராம் ஆவியானாலே மீதித் தண்ணீர் 5 பாகைக்கு மேல் குளிரக்கூடும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு விரைவில் இது நடக்கும். பெயின்ட் பூசித் துளை அடைத்த பானை இப்படிக் குளிராது.

நம் உடம்பும் ஒரு மண்பானைதான். வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கிறது. புழுக்கமான நாளில் வியர்வை வழிவதைக் காண்கிறோம், தண்ணீர் குடிக்கிறோம். கச்சான் நாளிலோ அது தோன்றியவுடனே காய்ந்துவிடுகிறது. வியர்க்கவேயில்லை என்று நினைத்திருக்க, உடம்பின் நீர் குறைந்துகொண்டே போகிறது. ஆபத்து இதில்தான் இருக்கிறது.

ஆகவே தாகம் வரும்வரை காத்திராதீர்கள். வயோதிபர்களுக்குத் தாகம் தெரிவதே குறைவு. கேட்காமலே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும்; அடிக்கடி கொடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அறியுங்கள்.

உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறியபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குடிப்பது நம் பெண்களின் வழக்கம். அடுப்பின் சூடும் கச்சானின் சூடும் சேர்ந்து உங்களைத்தான் தாக்குகின்றன. பானையை நிரப்பும்போதெல்லாம் முதல் கோப்பையை நீங்களே குடியுங்கள்.