ஏஜென்ட் வந்தால் கார்டை நீட்டுங்கள்

பல்லாவரத்தில் எங்கள் தெருவில் 'ஏஜென்ட் அம்மா' என்றால் ஒருவர்தான். மாதம் பிறந்ததும் தோளில் பையோடு வீடு வீடாக வந்து தபால் நிலைய ஆர்.டி. பணத்தை வாங்கிப்போவார். நானும் தபால் துறையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பத்து நான்கு வருஷம் ஓட்டியவன். அதனால் ஏஜென்ட் என்றாலே அந்தப் பையும், அதற்குள் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்புக் கட்டும்தான் எனக்கு ஞாபகம் வரும்.

தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகள், "அப்பா, இனிமே எதுக்கும் நீங்க அலைய வேண்டாம், ஏஜென்ட் பாத்துக்கும்" என்றாள். அவள் சொன்னது ஏ.ஐ. ஏஜென்ட். கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிற்காதாம். தானே இணையத்தில் போய், தேடி, படிவம் நிரப்பி, பொருளைக் கூடையில் போட்டு, வேலையை முடித்துவிட்டு வருமாம். என் லேப்டாப்பில் போட்டும் கொடுத்துவிட்டுப் போனாள்.

சோதித்துப் பார்த்தேன். "நாளன்னைக்கு என் அப்பா திதி. மளிகையும் காய்கறியும் ஆர்டர் போடு" என்றேன். ஐந்து நிமிஷத்தில் கூடை நிறைந்துவிட்டது. பார்த்தால் இரண்டு கிலோ வெங்காயம், கால் கிலோ பூண்டு! வாழைக்காயும் இல்லை, எள்ளும் இல்லை. போன மாத ஆர்டரைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறது. எட்டிப் பார்த்த என் மனைவி, "திதிக்கு வெங்காயமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை, பணம் கட்டும் முன் 'சரியா?' என்று கேட்டுக்கொண்டு நின்றது. கேட்காமல் கட்டியிருந்தால்?

இது வேடிக்கைக் கேள்வி இல்லை. 2025 அக்டோபரில் என்.பி.சி.ஐ., ரேசர்பே, ஓபன்ஏஐ மூன்றும் சேர்ந்து, சாட்ஜிபிடிக்குள்ளேயே பொருள் வாங்கி யு.பி.ஐ.யில் பணம் கட்டும் சோதனையை அறிவித்துவிட்டன. முதலில் சேர்ந்த கடைகளில் பிக்பாஸ்கெட்டும் ஒன்று.

இதனால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வயதுக்காரர்களைக் கேளுங்கள். ஓ.டி.பி. வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில், தாம்பரம் மாநகராட்சிக்குச் சொத்து வரி, நவம்பர் வந்தால் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று. பிள்ளைகள் வெளிநாட்டில். தமிழில் வாயால் சொன்னால் செய்துமுடிக்க ஒரு துணை கிடைத்தால், அது எத்தனையோ பேருக்குப் பெரிய உபகாரம்.

ஆனால் பிறரிடம் வேலையை ஒப்படைப்பது பழைய விஷயம். அதன் நல்லது கெட்டது இரண்டையும் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். ஆர்.டி. சேமிப்பில் ஏஜென்ட்டுக்கு 4 சதவீதம் கமிஷன். அதைத் தருவது அரசு. பணம் கட்டுபவரிடம் 'அஸ்லாஸ் கார்டு' என்று ஒன்று இருக்கும். பணத்தை வாங்கியதும் ஏஜென்ட் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் இருந்த ஒரு ஊரில், ஒரு ஏஜென்ட் மூன்று மாதப் பணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டார். கார்டில் கையெழுத்து வாங்கியவர்கள் அதைக் காட்டிப் பேச முடிந்தது. "தெரிஞ்ச பொண்ணுதானே" என்று விட்டவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதில் ஒரு பூக்கார அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஏஜென்ட் என்பவரை ஒரு 'நபர்' என்கிறது. முதலாளி கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. மென்பொருள் நபர் இல்லையே! 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-வது பிரிவோ, ஒருவருக்காகத் தானே இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பிய பதிவை அவரே அனுப்பியதாகக் கொள்கிறது. கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சரிதான். அவர்கள் ஏஜென்ட் செய்தால் அவர்கள் பொறுப்பு. என் ஏஜென்ட் செய்தால்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை, ரகசிய எண்ணைப் பிறரிடம் கொடுத்து நஷ்டப்பட்டால், வங்கிக்குச் சொல்லும்வரை நஷ்டம் வாடிக்கையாளருடையது என்றது. ஏஜென்ட்டிடம் கொடுத்தால் அதுவும் 'பிறர்' கணக்கா?

இன்னொரு பயமும் உண்டு. கடைக்கு அனுப்பிய பையனை வழியில் யாரோ மறித்து, "உங்க தாத்தா பணத்தை என்கிட்ட கொடுக்கச் சொன்னார்" என்றால் நம்பிக் கொடுத்துவிடுவான். இந்த ஏஜென்ட்டும் அப்படித்தான். அது படிக்கும் வலைப்பக்கத்திலோ மின்னஞ்சலிலோ யாராவது ஒளித்து வைத்த கட்டளையை, நான் சொன்னதாக நினைத்துச் செய்துவிடக்கூடும். இதற்கு 'பிராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்' என்று பெயராம்.

அதனால் எனக்கு மூன்று விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, ஏஜென்ட் கூடையை நிரப்பலாம், பணம் கட்டும் பொத்தான் என் விரலுக்கு மட்டும். இரண்டு, பென்ஷன் வரும் கணக்கை அதனிடம் காட்டவே கூடாது. இரண்டாயிரம் ரூபாய் மட்டும் போட்ட தனிக் கணக்கு போதும். யு.பி.ஐ. சர்க்கிளில் வீட்டு மனிதருக்கு முழு அனுமதி கொடுத்தாலே மாதம் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. மனிதருக்கே வரம்பு இருக்கும்போது மிஷினுக்கு வேண்டாமா? மூன்று, அது என்ன செய்தது என்று தமிழில், வரிசையாக, நான் படிக்கும்படி எழுதித் தர வேண்டும். அந்த அஸ்லாஸ் கார்டைத்தான் கேட்கிறேன். தராத ஏஜென்ட் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் என் வீட்டு வாசலோடு சரி.

போன வாரம் ஏஜென்ட் அம்மா வந்தார். பணத்தை எண்ணி வாங்கினார். நான் கேட்பதற்கு முன் அவரே கையை நீட்டினார்: "கார்டைக் கொடுங்க சார், எழுதிடறேன்."